முதலில் இரவுகளைத் திட்டமிடுங்கள்: வெஸ்ட் ஹைலேண்ட் வேயில் டெண்ட்டோடு நடக்க ஒரு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் நெடுந்தூர நடைபாதையான வெஸ்ட் ஹைலேண்ட் வே நடக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி எங்கே படுக்கப் போறீங்க?" என்பதுதான். பெரும்பாலும் பதில் இருக்காது. என்ன ஷூ, எந்தப் பை, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் தயாராக இருக்கும். படுக்கும் இடம் மட்டும் "போகப் போகப் பார்த்துக்கலாம்" என்று விட்டிருப்பார்கள். என் அனுபவத்தில் திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இரவு தங்கும் இடங்கள் முடிவானால் தினசரி தூரம், சாப்பாட்டின் எடை, பையின் எடை, எந்த மாதம் போவது என்று மற்றதெல்லாம் தானாகவே ஒழுங்குக்கு வரும்.

நான் திருநெல்வேலிக்காரி. கிளாஸ்கோவில் நர்ஸாக வேலை. லீவு கிடைக்கும்போது இந்தப் பாதையை முழுசாகவும் துண்டு துண்டாகவும் நடந்திருக்கிறேன். என் அக்கா மகள் இங்கே எம்.எஸ்சி. படிக்க வந்திருக்கிறாள். அடுத்த மே மாதம் தோழியோடு டெண்ட் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவளுக்கு உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாதையைப் பற்றிக் கொஞ்சம். கிளாஸ்கோவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் மில்கையில் தொடங்கி, லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரை வழியாக ஏறி, ரானக் சதுப்பு வெளியைத் தாண்டி, பென் நெவிஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஃபோர்ட் வில்லியமில் முடிகிறது. மொத்தம் 154 கிலோமீட்டர். 1980 அக்டோபரில் திறந்தார்கள். ஸ்காட்லாந்தில் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட முதல் நெடுந்தூர நடைபாதை இதுதான். வழியெங்கும் அடையாளக் கம்பங்கள் உண்டு, ஆறுகளுக்குப் பாலம் உண்டு. பாதை மேலேறும் மிக உயர்ந்த இடமே 548 மீட்டர்தான். முதல் நீண்ட நடைக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரிந்து இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

ஸ்காட்லாந்தில் வைல்டு கேம்பிங், அதாவது கட்டண முகாமுக்கு வெளியே திறந்த வெளியில் டெண்ட் அடித்துத் தங்குவது, நமக்கு உரிமை. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் அதைத் தந்தது. வேலி போட்ட பயிர் நிலம், வீடுகளை ஒட்டிய இடம் போன்றவை நீங்கலாக, பெரும்பாலான திறந்த வெளிகளில் யாரிடமும் கேட்காமல் டெண்ட் அடிக்கலாம். ஆனால் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்பது அந்த உரிமையோடு சேர்ந்தே வருகிறது. சின்னக் குழுவாக இருக்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் தங்கக் கூடாது, வந்த சுவடு தெரியாமல் கிளம்ப வேண்டும். இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே பொதுவாக நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். தென்மேற்கே இருக்கும் டார்ட்மூர் வெளியில் மட்டும் உரிமை இருக்கிறது, அதையும் நீதிமன்றத்தில் எதிர்த்தார்கள். 2025 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்தது. இப்படிப் போராடிக் காக்க வேண்டிய ஒன்று இங்கே நம் கையில் சும்மா கிடைக்கிறது. அதைக் கெடுத்துவிடாமல் நடந்துகொள்வது நம்முடைய கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உரிமை இருந்தாலும் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. டிரிமன் ஊரைத் தாண்டியதிலிருந்து, பல்மஹா வழியாக, ரோவர்டெனனைக் கொஞ்சம் கடக்கும் வரை லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரை தேசியப் பூங்காவின் கேம்பிங் கட்டுப்பாட்டுப் பகுதி. மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அங்கே பெர்மிட் இல்லாமல் டெண்ட் அடிக்கக் கூடாது, மீறினால் அது குற்றம். ஒன்று பூங்காவின் இணையதளத்தில் பெர்மிட் வாங்க வேண்டும், இல்லையென்றால் கட்டண முகாமில் இடம் பிடிக்க வேண்டும். கோடைக்கால வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் தேதி முடிவானதும் ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் இந்த இரவைப் பதிவு செய்யுங்கள்.

இரவுகளை வரிசைப்படுத்துவது

ஒரு தாள் எடுத்து முதலில் இரவுகளை மட்டும் எழுதுங்கள். புதிதாக நடப்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு 9 பகல், 8 இரவு. நன்றாக நடப்பவர்கள் ஒரு வாரத்தில் முடிப்பார்கள். ஆனால் டெண்ட், சாப்பாடு எல்லாம் முதுகில் இருக்கும்போது அவசரப்பட்டால் முழங்கால்தான் பதில் சொல்லும்.

முதல் நாள் மில்கையிலிருந்து டிரிமன் பக்கம் வரை சுமார் 19 கிலோமீட்டர். விவசாய நிலங்கள் நடுவே சமமான பாதை, டெண்ட் அடிக்க நல்ல இடமும் இல்லை, ஓடைத் தண்ணீரும் நம்பத் தகுந்ததில்லை. அன்று கட்டண இடத்தில் தங்கிவிடுவதே நல்லது. இரண்டாவது நாள் 361 மீட்டர் உயரமுள்ள கோனிக் ஹில் ஏறி இறங்கி, பல்மஹாவில் சாப்பிட்டுவிட்டு, ஏரிக்கரையில் இருக்கும் சலாகி முகாம் வரை போகலாம். இது கட்டுப்பாட்டுப் பகுதி, முன்பதிவு அவசியம். ஆக முதல் இரண்டு இரவும் பணம் கொடுத்துத் தங்குவதுதான். இதில் குறைபட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. டெண்ட்டும் ஸ்டவ்வும் கைக்குப் பழக இந்த இரண்டு இரவுகள் நல்ல பயிற்சி, ஏதாவது சரியில்லை என்றால் திரும்பி வரப் பேருந்தும் பக்கத்தில் இருக்கும்.

மூன்றாவது இரவுதான் உண்மையான வைல்டு கேம்பிங். ரோவர்டெனன் தாண்டி, இன்வர்ஸ்னெய்ட் பக்கம் வரை சுமார் 16 கிலோமீட்டர். இந்தக் கரையில் ரௌகோயிஷ், டூன் என்று இரண்டு பாத்திகள் உண்டு. பாத்தி என்பது பழைய கல் வீடு, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தங்கலாம், முன்பதிவு கிடையாது. 1965-இல் தொடங்கிய மலைப் பாத்திகள் சங்கத்தின் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். ஆனால் நீங்கள் போகும்போது நிறைந்திருக்கலாம். பாத்தியை நம்பி டெண்ட்டை வீட்டில் விட்டு வராதீர்கள்.

நான்காவது நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இன்வர்ஸ்னெய்டிலிருந்து இன்வராரனன் வரை தூரம் வெறும் 10, 11 கிலோமீட்டர்தான். வரைபடத்தில் பார்த்தால் காலையிலேயே முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாதை முழுக்க மரவேர், பாறை, ஈரம். சில இடங்களில் கையை ஊன்றித்தான் இறங்க வேண்டும். கனமான பையோடு மணிக்கு 2 கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். இந்த ஒரு துண்டில்தான் பலருடைய திட்டம் உடைகிறது. இதைத் தனி நாளாகவே வையுங்கள். இன்வராரனனில் முகாம் இருக்கிறது, வெந்நீர்க் குளியல் கிடைக்கும். பாதி வழியில் துணியை அலசிக் காயப்போட்டு, ஒரு மத்தியானம் காலை நீட்டி உட்காருவது அடுத்த நாட்களுக்குப் பெரிய பலம்.

ஐந்தாவது நாள் கிரியன்லாரிக் ஊருக்கு மேலே காடு வழியாக டைண்ட்ரம் வரை சுமார் 20 கிலோமீட்டர். ஆறாவது நாள் டைண்ட்ரத்திலிருந்து பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி தாண்டி இன்வரோரன் வரை சுமார் 15. இன்வரோரன் ஹோட்டலைக் கடந்ததும் ஓடைப் பாலத்தை ஒட்டிப் புல்வெளி இருக்கிறது, நடப்பவர்கள் வழக்கமாக டெண்ட் அடிக்கும் இடம். ஏழாவது நாள் ரானக் வெளி ஓரமாக கிங்ஸ்ஹவுஸ் வரை 16. இந்தத் துண்டில் கடை இல்லை, கூரை இல்லை, மழை வந்தால் ஒதுங்க ஒரு மரம் கிடைப்பதே அரிது. கல் பாவிய பழைய சாலை என்பதால் கால்வைப்பு சுலபம். காற்றும் மழையும் எதிரே அடிக்கும் நாளில் மட்டும் இது நீளமாகத் தெரியும். கிங்ஸ்ஹவுஸில் ஆற்றை ஒட்டி டெண்ட் அடிப்பார்கள், மான்கள் வெகு அருகில் வரும். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.

எட்டாவது நாள் டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் ஏற்றம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், வளைந்து வளைந்து ஏறும் பாதை, சுமார் 250 மீட்டர் உயரம். அதன்பின் கின்லாக்லெவனுக்கு நீண்ட இறக்கம், கடல்மட்டம் வரை. அந்த இறக்கம்தான் முழங்காலுக்குச் சோதனை. கின்லாக்லெவனில் தங்கலாம். உடம்பு ஒத்துழைத்தால் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு லேரிக் மோர் கணவாய்ப் பக்கம் ஏறி டெண்ட் அடிக்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். கடைசி நாளின் 24 கிலோமீட்டர் அதனால் 20-க்குள் வந்துவிடும்.

நேரக் கணக்கு

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன விதியை இன்றும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது பாரம் இல்லாத, நல்ல உடல் தகுதியுள்ள ஆளுக்கு. 11, 12 கிலோ பையோடு நடக்கும் நமக்கு மணிக்கு 3 முதல் 3.5 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஓய்வு, சாப்பாடு எல்லாம் சேர்த்து, சாயங்காலம் ஆறரை ஏழு மணிக்குப் படுக்கும் இடத்தில் இருப்பது மாதிரி கணக்குப் போடுங்கள். ரொம்ப முன்னால் வந்து டெண்ட் அடிப்பதும் நல்லதில்லை. வைல்டு கேம்பிங்கின் மரியாதை தாமதமாக வந்து, சீக்கிரம் கிளம்புவதுதான்.

மாதம் என்று கேட்டால் மே இரண்டாவது, மூன்றாவது வாரம் என்று தயங்காமல் சொல்வேன். இந்த மேற்குப் பகுதிக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் ஒப்பிடும்போது மழை குறைந்த காலம். மே நடுவில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், மிட்ஜ் தொல்லை அப்போது முழுசாக ஆரம்பித்திருக்காது. மிட்ஜ் என்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடிப் பூச்சி. காற்றில்லாத ஈரமான சாயங்காலத்தில் ஆயிரக்கணக்கில் மொய்த்துக் கடிக்கும். நோய் எதுவும் பரப்பாது, ஆனால் வெளியே நின்று சமைக்க முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறீர்கள் என்றால் தலைக்கு வலை கட்டாயம். கொஞ்சம் காற்று வீசினாலே அவை பறக்க முடியாது. அதனால் டெண்ட்டுக்கு இடம் பார்க்கும்போது காற்று மெதுவாகத் தவழும் சிறு மேட்டைத் தேடுங்கள்.

இடம் பார்ப்பது பற்றி இன்னும் கொஞ்சம். தரை சமமாக இருக்க வேண்டும், ஆனால் பள்ளமாக இருக்கக் கூடாது. ராத்திரி மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், குளிர்ந்த காற்றும் அங்கேதான் இறங்கும். பட்ட மரத்துக்குக் கீழே வேண்டாம். ஓடை பக்கத்தில் இருக்கலாம், ஒட்டி இருக்க வேண்டாம். டெண்ட்டை விரிப்பதற்கு முன்னால் தரையில் ஒரு நிமிடம் படுத்துப் பாருங்கள். கல்லும் சரிவும் முதுகுக்கு உடனே தெரிந்துவிடும்.

சாப்பாடு

என் அம்மா திருச்செந்தூருக்குப் பச்சைச் சேலை கட்டிப் பாதயாத்திரை போனவள். வழியெங்கும் பந்தல், தண்ணீர், சாப்பாடு, படுக்க மண்டபம். கையில் ஒரு மஞ்சள் பை போதும். இங்கே அந்தப் பந்தலையும் மண்டபத்தையும் நாமேதான் சுமக்க வேண்டும். எனவே எவ்வளவு சுமப்பது என்பதைக் கடைகளின் இடைவெளியை வைத்து முடிவு செய்யுங்கள். டிரிமனிலும் பல்மஹாவிலும் கடை உண்டு. அடுத்து நிம்மதியாகச் சாமான் வாங்கக்கூடிய இடம் டைண்ட்ரம், அங்கே கேஸ் சிலிண்டரும் கிடைக்கும். அதற்குப் பிறகு கின்லாக்லெவன். ஆக எந்த நேரத்திலும் மூன்று, நான்கு நாள் சாப்பாட்டுக்கு மேல் சுமக்கத் தேவையில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 கிராம் உலர் உணவு என்று வைத்தால் 3 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

அரிசி வேண்டாம். வேக வைக்கிற நேரத்தில் கேஸ் தீர்ந்துவிடும். கூஸ்கூஸ் வாங்குங்கள், கோதுமைக் குருணை மாதிரி இருக்கும், கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் தயார். அதில் வீட்டில் செய்த கெட்டியான புளிக்காய்ச்சல் இரண்டு ஸ்பூனும் வறுத்த வேர்க்கடலையும் போட்டால் மலையில் புளியோதரை. ஒரு நாள் பருப்புப் பொடி, ஒரு நாள் ரசப்பொடி போட்ட நூடுல்ஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். காலையில் அவல், பால் பவுடர், கருப்பட்டித் தூள், திராட்சை, அதன் தலையில் கொதிநீர். மத்தியானம் அடுப்பு பற்ற வைக்காதீர்கள். மாவு ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், நல்லெண்ணெயில் குழைத்த இட்லிப் பொடி போதும். நடக்கும்போது மணிக்கொரு தரம் கடலை மிட்டாய். சாயங்காலம் டெண்ட் அடித்ததும் முதல் வேலை சுக்குக் காப்பி. ஈரத்தில் நனைந்து வந்தவருக்கு அது பாதி உயிரைத் திருப்பித் தரும்.

ஊரிலிருந்து வருபவர்கள் கவனிக்க: இறைச்சியும் பால் பொருளும் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குள் கொண்டு வரத் தடை. பால் பவுடரும் நெய்யும் இங்கே வாங்குங்கள். கேஸ் சிலிண்டரை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது, கிளாஸ்கோவில் வாங்குங்கள். தண்ணீர் மட்டும் கொதிக்க வைப்பவருக்கு 230 கிராம் சிலிண்டர் ஒன்று முழு நடைக்கும் தாராளம்.

தண்ணீருக்கு ஓடைகள் ஏராளம். ஒன்றரை லிட்டருக்கு மேல் சுமக்காதீர்கள். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டி பயன்படுத்துங்கள் அல்லது கொதிக்க வையுங்கள். மேலே எங்காவது ஆடு செத்துக் கிடக்கலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பெரிய பட்டியல் போட மாட்டேன். காற்றுத் தாங்கும் டெண்ட், முடிந்தால் வெளி உறையை முதலில் நிறுத்தக்கூடிய வகை. அப்போதுதான் மழையிலும் உள்ளே நனையாமல் இருக்கும். 0 டிகிரி வரை சுகமாகத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக். மே மாதத்திலும் இரவில் உறைநிலைக்குப் பக்கத்தில் இறங்கும். தரையின் குளிரைத் தடுக்கும் மேட். ஸ்லீப்பிங் பேக்குக்குக் கணிசமாகச் செலவு செய்துவிட்டு மேட்டில் சிக்கனம் பிடிக்கிறார்கள். நம் உடல் சூட்டைத் தரைதான் அதிகம் உறிஞ்சும். மழைச் சட்டை, மழைப் பேன்ட் இரண்டுமே வேண்டும். பருத்தித் துணி எதுவும் வேண்டாம், ஜீன்ஸ் கூடவே கூடாது. நனைந்தால் காயாது.

நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. தூங்குவதற்கென்று ஒரு ஜோடி கம்பளி உடை, ஒரு ஜோடி சாக்ஸ் தண்ணீர் புகாத பையில் தனியாக இருக்க வேண்டும். பகலில் என்ன நடந்தாலும் அதைத் தொடக் கூடாது. காலையில் எழுந்ததும் நேற்றைய ஈர உடையைத்தான் மறுபடி போட வேண்டும். கஷ்டமாக இருக்கும், சரி, பத்து நிமிடம் நடந்தால் சூடாகிவிடும். காய்ந்த உடையில் ஒரு ராத்திரி தூங்க முடியும் என்ற உறுதி இருக்கும் வரை இங்கே எந்த மழையையும் சமாளிக்கலாம். இரண்டும் நனைந்துவிட்டால் அன்று டெண்ட் வேண்டாம், ஊருக்குள் இறங்கி அறை எடுங்கள்.

வழியில் பையைத் தூக்கிச் சென்று கொடுக்கும் வாடகைச் சேவைகள் உண்டு. ஆனால் அவர்கள் ஹோட்டல், விடுதி, கட்டண முகாம் போன்ற இடங்களில்தான் வைப்பார்கள். வைல்டு கேம்பிங் செய்பவருக்கு அது பயன்படாது.

கிளம்புவதற்கு முன் குறைந்தது சில வார இறுதிகள் முழுப் பாரத்தோடு, சனி ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நடந்து பாருங்கள். கிளாஸ்கோவில் இருப்பவர்களுக்கு கேம்ப்சி குன்றுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு நாள் நடப்பது யாருக்கும் முடியும். ஞாயிறு காலை எழுந்து மறுபடி அந்தப் பையைத் தோளில் ஏற்றும்போதுதான் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியும்.

உடம்பு

கால்தான் இந்த நடையின் இன்ஜின். கிளம்ப ஒரு வாரம் முன்னால் நகத்தை வெட்டிவிடுங்கள். நடக்கும்போது ஒரு இடம் சூடாக உரசுகிறது என்று தோன்றிய அந்த நிமிடமே நின்று, துடைத்து, டேப் ஒட்டுங்கள். "அடுத்த திருப்பத்துல பார்க்கலாம்" என்று சொல்லும்போது கொப்புளம் வந்துவிடும். மத்தியானம் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காலைக் காற்றாட விடுங்கள். மழை பெய்தாலும் இதைச் செய்யுங்கள்.

குளிர் தாக்கம் பற்றி ஒரு நர்ஸாகச் சொல்கிறேன். உறைபனியில்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். 8 டிகிரியில் நனைந்து, காற்றில் நிற்பவருக்கும் உடல் வெப்பம் வேகமாக இறங்கும். கூட வருபவர் விடாமல் நடுங்குகிறார், பேச்சு குழறுகிறது, கால் தடுமாறுகிறது, கேட்டால் எரிந்து விழுகிறார் என்றால் உடனே நிறுத்துங்கள். டெண்ட் போட்டு, ஈர உடையைக் கழற்றி, காய்ந்ததை உடுத்தி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் விட்டு, முழு நினைவோடு இருந்தால் சூடாக இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். நடுக்கம் திடீரென்று நின்றும் ஆள் மந்தமாகவே இருந்தால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். உதவி கூப்பிடுங்கள்.

அடுத்தது உண்ணி. புதரிலும் புல்லிலும் இருக்கும், லைம் நோயைப் பரப்பக்கூடும். தினமும் இரவு முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். அதற்கென்று விற்கும் சின்னக் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது எதுவும் வேண்டாம். பிறகு சில வாரங்கள் வரை வளையமாகச் சிவப்புத் தடிப்பு வருகிறதா, காய்ச்சல் வருகிறதா என்று கவனித்து, வந்தால் மருத்துவரிடம் மலையில் நடந்ததைச் சொல்லுங்கள்.

"சித்தி, ராத்திரி ஏதாவது வந்துச்சுன்னா?" என்றுதான் அக்கா மகள் முதலில் கேட்டாள். கரடி, ஓநாய் எதுவும் இங்கே இல்லை. விஷப் பாம்பு என்றால் விரியன் இனத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் நம்மைக் கண்டால் ஒதுங்கிப் போகும். மனிதர்கள் விஷயத்தில், சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பாருங்கள், எங்கே படுக்கிறீர்கள் என்று வழியில் கேட்பவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டாம். நான் தனியாகவும் படுத்திருக்கிறேன். முதல் இரவு ஒவ்வொரு சத்தத்துக்கும் கண் திறக்கும், அது எல்லாருக்கும் அப்படித்தான். பெண்களுக்கு இன்னொரு விஷயம். மாதவிடாய் நாள் கணக்கில் வராவிட்டாலும் நாப்கின் எடுத்து வையுங்கள், பயன்படுத்தியதை இரட்டைப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள். புதைக்கக் கூடாது.

தகவல் சொல்லிவிட்டுப் போவது

போன் சிக்னல் நிறைய இடங்களில் இருக்காது. அதனால் இரவு வாரியான திட்டத்தை நம்பிக்கையான ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். "ராத்திரி மெசேஜ் வரலைன்னா பயப்படாதே, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் எதுவுமே வரலைன்னா மட்டும் போலீஸைக் கூப்பிடு" என்று தெளிவாகச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ஊரில் அம்மா அப்பா தூங்க மாட்டார்கள். ஆபத்து என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். பேச முடியாத அளவு சிக்னல் குறைவாக இருந்தாலும் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு முன்கூட்டியே பதிவு தேவை. உங்கள் பிரிட்டன் எண்ணிலிருந்து 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்து 999-க்கு அனுப்புங்கள். விசில் இருந்தால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதுவது ஆபத்துக்கான அடையாளம்.

பாதியில் விலக வேண்டி வந்தால் கிரியன்லாரிக், டைண்ட்ரம், பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி மூன்றிலும் ரயில் நிலையம் உண்டு. அதற்கு அப்பால் ரயில் பாதை வேறு திசையில் விலகிவிடும். கிங்ஸ்ஹவுஸ் அருகே நெடுஞ்சாலைப் பேருந்து, கின்லாக்லெவனிலிருந்து ஃபோர்ட் வில்லியமுக்கு உள்ளூர்ப் பேருந்து. இவற்றைத் தாளில் இரவுகளுக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். காகித வரைபடமும் திசைகாட்டியும் எடுங்கள், போன் வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். வானிலைக்கு மலைப்பகுதிக்கென்றே தனி முன்னறிவிப்பு வெளியிடும் சேவை இருக்கிறது. அதில் மழையை விடக் காற்றின் வேகத்தைப் பாருங்கள்.

நிலத்தை விட்டு வருவது

தீ மூட்டாதீர்கள். தரைக்குக் கீழே இருக்கும் பீட் மண், அதாவது பாதி மட்கிய செடிகளால் ஆன மண், தீப்பிடித்தால் நாட்கணக்கில் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். ஸ்டவ்வையும் தட்டையான கல்மேல் வையுங்கள். சிறுநீர் கழிக்கத் தண்ணீரிலிருந்து 30 மீட்டராவது தள்ளிப் போங்கள். மலம் கழிக்க இன்னும் தூரம். சின்ன மண்வாரியால் ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, முடிந்ததும் புல்லோடு சேர்த்து மூடுங்கள். டிஷ்யூவைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். லோமண்ட் கரையில் அழகான ஒவ்வொரு திருப்பத்திலும் வெள்ளைக் காகிதம் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும். அந்தப் பகுதிக்குக் கட்டுப்பாடு வந்ததே இந்த மாதிரிக் குப்பையாலும் வெட்டிய மரங்களாலும்தான். ஏப்ரல், மே மாதங்களில் ஆடுகள் குட்டி போட்டிருக்கும். குட்டி தனியாகப் படுத்திருந்தால் தூக்காதீர்கள், தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

திரும்பி வர ஃபோர்ட் வில்லியமிலிருந்து கிளாஸ்கோவுக்கு ரயிலும் பேருந்தும் இருக்கின்றன. ரயில் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். நீங்கள் நடந்து வந்த பகுதிகளில் சில ஜன்னல் வழியாகத் தெரியும், அதனால் நான் ரயிலைத்தான் எடுப்பேன். கோடையில் இருக்கையை முன்பதிவு செய்யுங்கள். ஆனால் நடை முடியும் அன்றைக்கே டிக்கெட் வேண்டாம், மறுநாள் காலைக்கு எடுங்கள். கடைசி நாளில் மணியைப் பார்த்துக்கொண்டே ஓடினால் கணுக்கால் பிசகும். வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன்னால் டெண்ட்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் பையிலிருந்து எடுத்து விரித்துப் போடுங்கள். ஒரு வாரம் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் எந்தச் சோப்புக்கும் அந்த வாடை போகாது.